பழைய ரயில் பார்க்க இன்றைக்கே கிளம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரம்பரிய ரயில்களைப் பார்க்க நான் போன பயணங்களில் பாதிக்கு மேல் காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தவை. போய்விட்டு வந்து கதை சொன்னால், கேட்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

திட்டம் எதுவும் இல்லை. சும்மா தோன்றியது. இன்றைக்கே கிளம்பலாமா?

கிளம்பலாம். ஒன்றே ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்: இன்றைக்கு வண்டி ஓடுகிறதா? வேறு எதை மறந்தாலும் போகிற வழியில் சமாளித்துக்கொள்ளலாம். இதை மறந்தால் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பாரம்பரிய ரயில் என்றால் சரியாக எது? பழைய ரயில் எல்லாமே பாரம்பரிய ரயிலா?

பழைய என்ஜின், பழைய பெட்டி, கைகாட்டி, நிலையம் எல்லாவற்றையும் அந்தக் காலத்து முறையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிற பாதைகளை அப்படிச் சொல்கிறோம். ஆனால் இதில் இரண்டு ரகம் உண்டு. உங்கள் பயணம் எப்படி அமையும் என்பது எந்த ரகத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதல் ரகம், ஓடிக்கொண்டே பழசாகிப்போனவை. டார்ஜிலிங் மலை ரயில் 1881-இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டு இன்னும் ஓடுகிறது. யுனெஸ்கோ அதை 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீலகிரி ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது. அதற்கு 2005-இல் அந்த அந்தஸ்து கிடைத்தது. ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப் பகுதியின் மீட்டர் கேஜ் பாதைகளும் இந்த ரகம்தான்.

இரண்டாவது ரகம், மூடிவிட்ட அல்லது மூடப்போகிற பாதையை ஆர்வலர்கள் கையில் எடுத்துக் காப்பாற்றியவை. வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்தான் இதற்கு முன்னோடி. சிலேட்டுக் கல் சுமக்க 1865-இல் போட்ட குட்டிப் பாதை அது. 1951-இல் தன்னார்வலர்கள் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகத்தில் வேறு எங்கும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. திறந்த காலத்தில் வாங்கிய இரண்டு என்ஜின்களும் இன்னும் அங்கே இருக்கின்றன.

வித்தியாசம் இதுதான்: முதல் ரகத்தில் வண்டி பெரும்பாலும் தினமும் ஓடும், ஆனால் இடம் கிடைக்காது. இரண்டாவது ரகத்தில் இடம் கிடைக்கும், ஆனால் தினமும் ஓடாது. திடீர்ப் பயணத்துக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவது.

ஓடும் நாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த ரயிலின் சொந்த அறிவிப்பைப் பாருங்கள், அல்லது போன் போட்டுக் கேளுங்கள். சுற்றுலாத் தளங்களில் இருக்கும் நேரத்தை நம்ப வேண்டாம். அது போன வருடத்து நேரமாக இருக்கும். பல ரயில்கள் வருட நாள்காட்டி ஒன்றைப் போட்டு, ஓடும் நாட்களுக்கு வண்ணம் அடித்து வைத்திருப்பார்கள். பச்சை நாளில் மூன்று நடை, சிவப்பு நாளில் ஐந்து நடை என்கிற மாதிரி. வண்ணமே இல்லாத கட்டம் என்றால் அன்றைக்கு வண்டி இல்லை.

ஒருமுறை இதைப் பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரப் பயணம், போய் நின்றால் பிளாட்பாரத்தில் ஈ, காக்கை இல்லை. திரும்பப் போகலாம் என்று நினைக்கும்போது ஷெட்டுப் பக்கம் தண்ணீர் பீறிடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என்ஜினின் அடிப்பாகத்தில் இருந்த அடைப்பான்களைக் கழற்றிவிட்டு, ஒருவர் ரப்பர் குழாயை உள்ளே விட்டுத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத் துளை வழியாகச் சேறும், முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்களும் கொட்டின. பாய்லர் கழுவுகிறார்களாம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பெல்லாம் கொதித்துக் கொதித்து உள்ளே படிந்துவிடும்; அதை அவ்வப்போது கழுவாவிட்டால் தகடு சூடேறிக் கெட்டுப்போகும். வண்டி ஓடாத நாட்களில் இந்த வேலைதான் நடக்கும் என்று சொல்லி, ஒரு செதிலைக் கையில் கொடுத்தார். அது இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி அதிர்ஷ்டத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

நீராவி என்ஜின் என்று சொன்னார்கள், டீசல் வந்து நிற்கிறது. ஏமாற்று வேலையா?

பெரும்பாலும் இல்லை. கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்ற பயம் இருந்தால், பொறி பறக்கிற கரி என்ஜினை வெளியே விடமாட்டார்கள். என்ஜின் பழுதாகியிருக்கலாம். இல்லையென்றால் வழக்கமாகவே அந்தப் பகுதி டீசலுக்கு உரியதாக இருக்கும். நீலகிரியில் குன்னூருக்கு மேலே டீசல் இழுப்பதைப் பார்க்கலாம். நீராவிதான் வேண்டும் என்றால் போனில் "வண்டி ஓடுமா" என்று கேட்காமல் "இன்றைக்கு எந்த என்ஜின்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறும். ஆர்வமுள்ள ஆள் என்று தெரிந்து கூடுதலாக நான்கு விஷயம் சொல்வார்.

முன்பதிவு செய்யாமல் போனால் டிக்கெட் கிடைக்குமா?

தன்னார்வலர்கள் நடத்தும் ரயில்களில் சாதாரண நாட்களில் கவுன்டரிலேயே கிடைத்துவிடும். விழா நாட்கள், பள்ளி விடுமுறை, ஆண்டு இறுதி என்றால் கஷ்டம். மலை ரயில்கள் விஷயத்தில் சீசன் நேரத்தில் முன்பதிவு இல்லாமல் போவது லாட்டரிச் சீட்டு வாங்குகிற மாதிரி.

பாதையின் நீளத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் டுராங்கோ–சில்வர்ட்டன் பாதை ஒரு வழிக்கே 72 கி.மீ.; போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும். நீலகிரியில் 46 கி.மீ. ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். நினைத்தவுடன் கிளம்புகிறவர்களுக்கு 10, 15 கி.மீ. பாதைகள்தான் தோது. நீளமான பாதையிலும் சின்னச் சுற்று இருக்கிறதா என்று பாருங்கள்: டார்ஜிலிங்கின் முழுப் பாதை 80 கி.மீ.க்கு மேல், ஆனால் டார்ஜிலிங்கிலிருந்து கும் என்ற நிலையம் வரை போய்த் திரும்பும் சுற்று சுமார் 2 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சில இடங்களில் ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அது இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? வண்டி 10.30-க்கு.

9 மணிக்குப் போங்கள். முடிந்தால் 8.30.

நீராவி என்ஜின் சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டி இல்லை. குளிர்ந்து கிடக்கிற என்ஜினில் தீ மூட்டி, ஓடுகிற அளவுக்கு நீராவி சேர்க்கச் சின்ன என்ஜினுக்கே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பெரியதென்றால் முந்தின நாளே மெல்லிய தீ போட்டு வைத்துவிடுவார்கள். அவசரப்பட முடியாது. பாய்லர் என்பது பல டன் உலோகம். ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் குளிர்ந்திருந்தால் சீரில்லாமல் விரிந்து, இணைப்புகளும் குழாய்களும் கசிய ஆரம்பிக்கும். அதனால் என்ஜினில் தீயைக் கவனித்துக்கொள்ளும் ஃபயர்மேன் விடியும் முன்பே வந்து, எண்ணெய் நனைத்த துணியும் விறகும் போட்டு, மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரியைத் தூவிக்கொண்டு காத்திருப்பார்.

நீங்கள் 9 மணிக்குப் போனால் அந்தக் காத்திருப்பின் கடைசிப் பகுதி கிடைக்கும். டிரைவர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையோடு என்ஜினைச் சுற்றி வருவார். குனிந்து, சில சமயம் சக்கரங்களுக்கு நடுவே நுழைந்து, ஒவ்வொரு மூட்டாக எண்ணெய் விடுவார். புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஃபயர்மேன் கரி எரியும் அடுப்பின் கதவைத் திறந்தால் உள்ளே ஆரஞ்சு நிறம் வெள்ளையாக மாறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். அவருடைய கண் பாதி நேரம் அந்தக் கண்ணாடியில்தான்: மட்டம் ரொம்பவும் இறங்கி அடுப்பின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால் ஆபத்து. அதற்காக அந்தத் தகட்டில் ஈயம் வைத்த ஒரு திருகை மாட்டியிருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி தீயின் மேல் பாய்ந்து எச்சரிக்கும்.

வண்டியில் ஏறிய பிறகு இதையெல்லாம் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால் பாரம்பரிய ரயிலில் நகராமல் நிற்கிற நேரம்தான் பார்க்க வேண்டிய நேரம்.

என்ன உடை போட்டுக்கொள்வது?

வெள்ளை வேண்டாம். கரித்துகள் விழும். துகள் கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இங்கே ஒரு நன்மை.

எந்தப் பெட்டியில் உட்காருவது?

சத்தம் வேண்டும் என்றால் என்ஜினுக்கு அடுத்த பெட்டி. புகை வேண்டாம் என்றால் கடைசிப் பெட்டி. வளைவுகளில் என்ஜின் திரும்புவதும் அங்கிருந்துதான் அழகாகத் தெரியும். பல்சக்கர மலைப்பாதைகளில் கணக்கு வேறு. அங்கே என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும், ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். நீலகிரியில் குன்னூர் வரைக்கும் அப்படித்தான். அதனால் முதல் பெட்டியின் முன்னால் மறைக்க எதுவும் இருக்காது.

எந்த ஜன்னல் பக்கம் என்று கேட்காதீர்கள். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டலாமா?

கூடாது. பழைய பாதைகளில் குகைச் சுவரும் பாலத்துக் கைப்பிடியும் பெட்டியை உரசுகிற தூரத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் பஃபிங் பில்லி ரயிலில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டபடி போவது பேர்போன பழக்கம்தான். அது அந்தப் பாதைக்கும் அந்தப் பெட்டிக்கும் ஏற்றது. மற்ற இடத்தில் முயன்றால் கார்டு வந்து திட்டுவார், திட்டவும் வேண்டும்.

ரொம்ப மெதுவாகப் போகுமாமே. சலிக்காதா?

மெதுவாகத்தான் போகும். பிரிட்டனில் பெரும்பாலான பாரம்பரிய ரயில்களுக்கு மணிக்கு 40 கி.மீ.தான் உச்சம். சலிக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன்: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

இரண்டு சிலிண்டர் என்ஜினில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு "சுக்" கேட்கும். ஒவ்வொரு பிஸ்டனையும் நீராவி முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். இரண்டு பிஸ்டனுக்கு நான்கு முறை. சக்கரத்தின் விட்டம் 1.2 மீட்டர் என்று வையுங்கள், ஒரு சுற்றுக்கு 3.8 மீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு "சுக்"குக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். நொடிக்கு எத்தனை சுக் என்று எண்ணினால் வேகத்தையே கணக்குப் போட்டுவிடலாம். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இந்த விளையாட்டு அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

அப்புறம், சத்தத்தின் தன்மையைக் கவனியுங்கள். ஏற்றத்தில் ஒவ்வொரு சுக்கும் தனித்தனியாக, கோபமாக விழும். சமதளத்தில் மெத்தென்று ஆகிவிடும். டிரைவர் நீராவியைச் சிலிண்டருக்குள் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு, மீதித் தூரத்தை அதன் விரிவை வைத்தே தள்ளுகிறார் என்று அர்த்தம். திடீரென்று சுக்சுக்சுக் என்று பதறினால் சக்கரம் வழுக்குகிறது. ஈரமான தண்டவாளமும், மேலே விழுந்த இலைகளும் அதற்குக் காரணம். உடனே சத்தம் நிற்கும். டிரைவர் நீராவியை மூடி, தண்டவாளத்தில் மணல் விட்டு மறுபடி தொடங்குவார்.

கிளம்பும்போது முன்பக்கம் "புஸ்ஸ்" என்று நீராவி பீறிட்டு என் மகள் பயந்துவிட்டாள். ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. நின்ற நேரத்தில் சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகியிருக்கும். தண்ணீர் அமுங்காது, அதை வெளியே விடாமல் பிஸ்டனை நகர்த்தினால் சிலிண்டர் மூடியே உடையும். அதனால் முதல் சில சுற்றுகளுக்கு அடியில் உள்ள குழாய்களைத் திறந்துவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகளோடு என்ஜினின் முன்பக்கத்துக்கு நேராக நிற்காமல் இரண்டு பெட்டி தள்ளி நில்லுங்கள். விசிலை விட, நின்றுகொண்டிருக்கும்போது பாதுகாப்பு வால்வு திறக்கிற இரைச்சல்தான் குழந்தைகளை அதிகம் பயமுறுத்தும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

டிரைவரும் நிலைய ஆளும் பெரிய வளையம் ஒன்றைக் கைமாற்றிக்கொண்டார்களே, அது என்ன?

அதைப் பார்த்தீர்களா? நல்ல கண்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் தனி டோக்கன். உலோகத் துண்டு, அதில் அந்தப் பகுதியின் பெயர் பொறித்திருக்கும். வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் அது இருக்கும். நகர்கிற வண்டியிலிருந்து கையை நுழைத்துப் பிடிக்க வசதியாகத்தான் அவ்வளவு பெரிய வளையம். டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. இரு நிலையங்களிலும் டோக்கன்களைப் பூட்டி வைத்திருக்கும் கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே போய்விட்டால் அது திரும்ப உள்ளே வரும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது.

இவ்வளவு பாதுகாப்பான முறையிலும் தவறு நடந்திருக்கிறது. 1921 ஜனவரி 26 அன்று வேல்ஸில் ஆபர்மியூல் என்ற நிலையத்தில், வந்த வண்டி கொடுத்த டோக்கனையே கைதவறுதலாக அதே வண்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டிரைவர் பெயரைப் படிக்காமல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த விரைவு வண்டியில் மோதி 17 பேர் இறந்தார்கள். அடுத்த முறை டிரைவர் பையைத் திறந்து டோக்கனை ஒரு கணம் உற்றுப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

கடைசி நிலையத்தில் இருபது நிமிடம் சும்மா நிற்கிறதே. என்ன செய்வது?

சும்மா நிற்பதில்லை. இறங்கி என்ஜின் பக்கம் போங்கள். ஃபயர்மேன் என்ஜினுக்கும் பெட்டிக்கும் இடையே மோதலைத் தாங்கும் பஃபர்களுக்கு நடுவே குனிந்து, பிரேக் குழாய்களைப் பிரித்து, கனமான கொக்கியைத் திருகிக் கழற்றுவார். என்ஜின் முன்னே போய், பாதை மாற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டிகளைத் தாண்டி வந்து, மறுமுனையில் மெல்லத் தொட்டுச் சேரும். அந்தத் தொடுதலைப் பாருங்கள்: நாற்பது ஐம்பது டன் இரும்பு, பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத அளவுக்கு மென்மையாக வந்து நிற்கும். ஒரு டிரைவரின் கைத்திறனை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது. சேர்ந்த பிறகு பிரேக் சோதனை. நடுவில் நேரம் இருந்தால் தண்ணீர் பிடிப்பார்கள்.

என்ஜினைத் திருப்பும் மேடை எல்லா இடத்திலும் இருக்காது. அதனால் திரும்பும் பயணத்தில் என்ஜின் பின்னோக்கி ஓடும். இது இயல்புதான்.

பேச்சுக் கொடுத்தால் தொந்தரவாக நினைப்பார்களா?

வண்டி நிற்கும்போது பேசலாம். டோக்கன் மாற்றும்போதும் கிளம்புகிற நேரத்திலும் வேண்டாம். "இது என்ன என்ஜின்?" என்பதை விட "இன்றைக்குக் கரி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். மட்டமான கரியால் படுகிற பாட்டை எந்த ஃபயர்மேனும் மனம்விட்டுச் சொல்வார்.

நல்ல போட்டோ எடுக்க?

ஏற்றம் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள பாலமோ சாலையோ தேடுங்கள். என்ஜின் உழைக்கும்போதுதான் புகைபோக்கி பேசும். இறக்கத்தில் வெறும் காற்றுதான். குளிர்ந்த காலை நேரம் சிறந்தது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது உண்மையில் நீராவி இல்லை, அது குளிர்ந்து உருவான நுண்துளிகள்; காற்று குளிர்ந்திருந்தால் அந்த வெண்புகை அதிக நேரம் கலையாமல் நிற்கும். கன்னங்கரேல் என்று வரும் புகை படத்துக்கு அழகு, ஃபயர்மேனுக்கு அவமானம்: கரி முழுதாக எரியவில்லை என்று அர்த்தம்.

தண்டவாளத்தில் இறங்கவே வேண்டாம்.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

பழைய பெட்டிகளின் படி உயரம், கதவு குறுகல், கழிப்பறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போன் போடும்போதே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலிக்கென்று ஒரு பெட்டியை மாற்றி அமைத்திருக்கும் ரயில்கள் பல உண்டு, ஆனால் அது எல்லா நடையிலும் சேர்ந்து ஓடாது.

மழை வந்தால்?

மலைப்பாதை என்றால் மண்சரிவு காரணமாக ரத்தாகும், கிளம்பும் முன் மறுபடி ஒருமுறை விசாரியுங்கள். சமவெளி என்றால் தாராளமாகப் போங்கள். கூட்டம் இருக்காது, சக்கரம் வழுக்கும், வெண்புகை அள்ளும். எனக்கு மழை நாள்தான் பிடிக்கும்.

கடைசி வண்டி வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடலாமா?

அரை மணி நேரம் இருங்கள். பயணிகள் எல்லோரும் கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடியிருப்பார்கள். என்ஜின் தனியாக ஷெட்டுக்குப் போகும். சாம்பலை வாருவார்கள், முன்பக்க வட்டக் கதவைத் திறந்து, சேர்ந்திருக்கிற கரித்தூளை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டுவார்கள். மறுநாள் காலைக்காகப் பாய்லரில் தண்ணீரை நிரப்பி, புகைபோக்கியின் மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுவார்கள், சூடு சீக்கிரம் போகாமல் இருக்க. அதற்குப் பிறகு வேலை எதுவும் இல்லை. கிட்டே நின்றால் உலோகம் குளிரும்போது டிக், டிக் என்று வருகிற சத்தம் மட்டும் கேட்கும். ஷெட்டைப் பூட்டுகிறவர் சாவியோடு கேட்டருகே நிற்பார். அவரும் விடியற்காலையில் வந்தவர், ரொம்ப நேரம் காக்கவைக்காதீர்கள்.